உன் சித்தியைக் கடலில் இறக்கிய விவரம்

என் தங்கம் பாப்பாவுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், தீவுக்குப் போகும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு கறுத்துப்போய்ச் சுகம். உன் சித்தியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வயிற்றுக்குள் இருக்கும் வாண்டு உதைக்கிறதா, வலப் பக்கமா இடப் பக்கமா என்று ஒன்று விடாமல் எழுது. தீவிலிருந்து நேற்று முன்தினம்தான் வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் போன் போடவில்லை என்று கோபப்படாதே. போனில் பேசினால் உன் சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு, அப்படி இல்லை, இப்படி இல்லை என்று என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாள். கடிதத்தில் குறுக்கே பேச யாருக்கும் வழி கிடையாது. நான் எட்டாவதுதான் படித்தேன் என்றாலும் ஏழாவதை இரண்டு தடவை படித்தவன், ஆகவே அஸ்திவாரம் பலமானது. விஷயத்தை எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதத் தெரியும்.

நீ டிக்கெட் எடுத்து அனுப்பியபோது கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினாய் அல்லவா, தீவில் என்னென்ன செய்ய வேண்டும் என்று. காலையில் மணலில் நடக்க வேண்டும், வலை ஊஞ்சலில் படுக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துவிடச் சொல்ல வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க வேண்டும், சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும், மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். அதற்குக் கீழே எனக்கு மட்டும் சின்ன எழுத்தில், சித்தப்பா, எப்படியாவது சித்தி மனசை மாத்துங்க, பிரசவத்துக்கு அவங்க என் பக்கத்துல இருக்கணும் என்று எழுதியிருந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், உனக்காக எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள், இதற்கு மட்டும் கடலைத் தாண்டி வரமாட்டேன், தண்ணிக்கு மேல எதுல போனாலும் எனக்கு வயிறு கலங்குது என்று ஒரே பிடியாக நிற்கிறாளே என்று நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து நாள் என் கையில் விடு, ஆறாம் நாள் அவளே கப்பலை ஓட்டிக்கொண்டு வருவாள் என்று நான் சொன்னேன். சொன்னபடி நடந்ததா இல்லையா என்பதைக் கடைசி வரை படித்துத் தெரிந்துகொள்.

படகில் ஏறியதும் நான் தூணைப் பிடிக்காமல் நடுவில் நின்றேன். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே சீட்டு கிழித்த கண்டக்டருக்கு அலை என்ன பெரிய அலை. படகுக்காரரே என்னைப் பார்த்து, சார் முன்னாடி கப்பல்ல வேலை பார்த்தீங்களா என்று கேட்டார். கேட்டார் என்றுதான் எனக்கு ஞாபகம். நீ கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று ஏறிய உன் சித்தி மட்டும் நட்ட நடு இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, என் சட்டைப்பையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பையில் என் பழைய விசில் இருந்தது, ஓய்வு பெற்ற பிறகும் அது இல்லாமல் நான் வெளியே போவதில்லை என்று உனக்குத் தெரியும். கரை வரும்வரை விசிலும் அவள் பிடிக்குள்ளேதான் இருந்தது.

தங்கும் விடுதி முதல் தரம். அறை, கண்ணாடி, குளியலறை, துடைக்க நான்கு விதத் துண்டு. அங்கேதான் உன் சித்தி தன் வேலையைக் காட்டினாள். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் விரித்த கை சும்மா இருக்குமா? விடிந்ததும் எழுந்து விரிப்பை இழுத்து, நான்கு மூலையும் மடித்துச் செருகினாள், எறும்பு ஏறினால் வழுக்கி விழும். துண்டை நாலாக மடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். குளியலறையைத் துடைத்து ஈரமே தெரியாமல் ஆக்கினாள். எங்கள் துணிமணியெல்லாம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக் கதவோரம் நிறுத்தினாள். டியூட்டி முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கத்தில், வரவேற்பு மேசையில் சாவியை வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னோடு நடக்க வந்தாள். நடை என்றால் கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டோரமாக. இரண்டாம் நாளும் அப்படியே. இரண்டாம் நாள் நாங்கள் நடந்துவிட்டு வந்து பார்த்தால், பாப்பா, எங்கள் அறைக்குள் வேறு ஆட்கள்.

கதவைத் திறந்தது ஒரு புது மாப்பிள்ளைப் பையன். தம்பி நீங்க யாரு என்றேன். சார் நீங்க யாரு என்றான். நான் என் கண்டக்டர் குரலை எடுத்து, இது என் ரூமுப்பா, இறங்கு இறங்கு என்றேன். அதற்குள் உன் சித்தி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டாள். கட்டிலைப் பார்த்தாள். வந்து அரை மணி நேரம்கூட ஆகலை, அதுக்குள்ள படுக்கையை இப்பிடியா போட்டு வைக்கிறது, தள்ளும்மா கொஞ்சம் என்று அந்தப் புதுப்பெண்ணை எழுப்பிவிட்டு விரிப்பை உதற ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் அவசரத்தில் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு மூலையில் நின்றது. அறை சுத்தம் செய்கிற அம்மாள் ஓடி வந்தார். ஐயோ அம்மா, ரெண்டு நாளா இந்தக் கட்டில்ல யாரும் படுத்த மாதிரியே தெரியலை, பெட்டியும் வாசல்ல நிக்குது, சாவியும் கீழ வந்துடுச்சு, நீங்க காலி பண்ணிட்டுப் பெட்டியை மறந்துட்டீங்கன்னு நெனச்சு, ரூம் காலின்னு நான்தான் கீழ சொல்லிட்டேன் என்று கண் கலங்கிவிட்டார். உன் சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழாதீங்க, கட்டில் விரிச்ச கைக்குத்தான் இன்னொரு கையோட கஷ்டம் தெரியும் என்றாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கட்டிலை விரித்தார்கள். நானும் புதுமணத் தம்பதியும் வரிசையாக நின்று பார்த்தோம்.

மேனேஜர் என்னைப் பார்த்து நடுங்கிவிட்டார். மன்னிப்பு கேட்டு, கடலோரமாக இருக்கும் தனிக் குடிலை எங்களுக்குத் திறந்துவிட்டார், கூடவே மீன் பார்க்கிற ஏற்பாடும் இலவசம் என்றார். குடில் கதவைத் திறந்தால் இருபது எட்டில் தண்ணீர். உன் சித்தி முகம் சுண்டிப்போய்விட்டது. அது போதாதென்று சுத்தம் செய்கிற அம்மாள் வந்து, அம்மா, இனிமே தயவு செஞ்சு கட்டிலைத் தொடாதீங்க, மேனேஜர் என்னைத்தான் கேட்பார், கலைஞ்சது கலைஞ்ச மாதிரியே கிடக்கட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்ய வேலை இல்லை, பார்க்க ஆளில்லை. வலை ஊஞ்சலில் படுக்க வைத்தேன், தூளியில போட்ட மாதிரி இருக்கு, எழுந்துக்க முடியலை என்றாள். எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண்ணிடம் அனுப்பினேன், போய் அந்தப் பெண்ணின் கழுத்து வலிக்கு இவள் தேய்த்துவிட்டு வந்தாள். மற்ற நேரம் மணலில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். உன்னிடம் சொல்வதற்கென்ன, மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பாப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, வாய் கொடுத்துவிட்டோமே என்று சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் துணிந்து ஒரு திட்டம் போட்டேன், நான் முதலில் இறங்கிக் காட்டினால் அவளும் இறங்குவாள் என்று. மீன் காட்டுகிறவர் முகமூடியும் மூச்சுக்குழாயும் கொண்டுவந்து, சார் நீச்சல் தெரியுமா, இல்லைன்னா மிதவைச் சட்டை தரேன் என்றார். நான் நீந்துறதைப் பார்த்து மீன் கத்துக்கும்யா, சட்டையை வேற யாருக்காவது குடு என்றேன். விசிலைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாறை ஓரமாகக் குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால், அடடா பாப்பா, உள்ளே ஒரு பஸ் ஸ்டாண்டே இருக்கிறது. மஞ்சள் மீன் ஒரு கூட்டம் கிளம்பிப் போகிறது, நீல மீன் ஒரு கூட்டம் வந்து நிற்கிறது, ஒன்றை ஒன்று இடிக்காமல் அவ்வளவு ஒழுங்கு. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய மீன் வந்தது. என் உயரம் இருக்கும். சரி, என் கை நீளம். என் முகத்துக்கு நேராக நின்று, சீட்டு வாங்காத ஆளைச் செக்கிங் அதிகாரி பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன், குழாய் வழியாகக் கடல் உள்ளே வந்தது, கால் வழுக்கியது, வானம் கீழே போய்விட்டது. கை எப்படியோ விசிலைக் கண்டுபிடித்தது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. நீளமாக விடாமல் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம், அதை நான் என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறேன். இது இரண்டாவது.

மீன் காட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் என் இரண்டு அக்குளுக்கும் அடியில் ஒரு பிடி விழுந்தது. வார்டில் கட்டிலிலிருந்து நோயாளியைத் தூக்குகிற பிடி. சேலையைத் தூக்கிச் செருகக்கூட நேரமில்லாமல் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். நில்லுங்க, முதல்ல காலை ஊனி எழுந்து நில்லுங்க, முட்டித் தண்ணியில மூழ்குற ஆளை நான் எந்த ஆஸ்பத்திரியிலயும் பார்த்ததில்லை என்று முதுகில் ஒன்று வைத்தாள். தண்ணீர் என் கழுத்தளவு இருந்தது. முட்டியளவுதான் என்று அவள் இப்போதும் சாதிக்கிறாள், நான் படுத்திருந்த நிலையில் அளந்து பார்த்தால் அது கழுத்தளவுதான். நான் எழுந்து நின்ற பிறகுதான் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். முன்னால் கடல், பின்னால் கடல். எனக்கு அவளைக் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது. அப்போது குட்டி மீன்கள் நாலைந்து அவள் காலைச் சுற்றிவந்து கொத்த ஆரம்பித்தன. குனிந்து பார்த்தாள். பாவம், பசி போலிருக்கு என்றாள். அப்புறம் என் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துத் தான் மாட்டிக்கொண்டாள். பிறகு ஒரு மணி நேரம் அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை. என்னங்க, இங்க வந்து பாருங்க என்று தண்ணீருக்குள்ளிருந்தே கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். நான் கரையில் நாற்காலியில், கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் நான் முன்கூட்டியே திட்டமிட்டு விழுந்தது என்று அவளிடம் சொன்னேன். ஆமா, இருமினதும் திட்டம்தான் என்றாள்.

அன்று சூரியன் இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தோம், பட்டியலில் அதுவும் முடிந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் கலைந்த கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே போட்டுவிட்டு என்னோடு மணலில் நடக்க வந்தாள். மனசுக்குள் ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை, நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதை நீ நம்ப வேண்டும். திரும்பும் படகில் அவளாகவே போய் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. பாதி வழியில் நான் மெதுவாக, பாப்பாவுக்கு என்னன்னு எழுதட்டும் என்று கேட்டேன். நீங்க விசில் அடிச்சப்ப நடுவுல தண்ணி இருந்ததே எனக்குத் தெரியலைங்க, அவ அங்க இருந்து கூப்பிடுறா, அப்ப மட்டும் நடுவுல தண்ணி தெரியுமா என்றாள். சொல்லிவிட்டு என் சட்டைப்பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அதை அவள் வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்க்க, இரண்டு விசில் அடித்தாள்.

எனவே பாப்பா, இரண்டு டிக்கெட்டாகப் போடு, அவளுக்கு ஜன்னலோரம், எனக்கு நடைபாதைப் பக்கம், பழக்கம் விடாது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க நாளைக்கே கூட்டிப்போகிறேன், நான் அழகாக விழுந்தால் ஒரு பிரதி அனுப்புகிறேன். டாக்டரிடம் போகிற தேதியைத் தவறவிடாதே, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, மாப்பிள்ளை கனமான எதையும் உன்னைத் தூக்க விடக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நீயும் வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் ரெண்டு உயிராகப் பிரிந்து நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. நாங்கள் வந்து சேருகிற நாளில் உன் வீட்டுக் கட்டில்கள் ஒன்றையும் விரித்து வைக்காதே. எல்லாவற்றையும் நன்றாகக் கலைத்தே போட்டு வை. அவள் கைக்கு அங்கே வேலை இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கழுத்தளவுக் கடலை வென்ற,
உன் சித்தப்பா

(முட்டியளவு. - சித்தி)