பதினான்காம் திகதிப் பக்கம்

மாங்குளம்,
2025.09.02, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய வைத்திய கலாநிதி அருந்ததி அவர்கட்கு,

ஓய்வுபெற்ற தபால் அதிபர் அப்புத்துரை வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் தந்தையாரின் உடல்நிலை தேறி வருவதாக அறிந்து ஆறுதலடைந்தேன். அவரைப் பராமரிக்கவென்று ஜூன் 27 ஆம் திகதி நீங்கள் மட்டக்களப்புக்குப் புறப்பட்டீர்கள். இன்று அறுபத்தெட்டாவது நாள். உங்கள் டிஸ்பென்சரிக் கதவு பூட்டியே கிடக்கிறது. ஆனாலும் காய்ச்சல்காரர் சிலர் பழக்கத்தில் அங்கு வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கடந்த ஆகஸ்ட் 19 ஆம் திகதி காலை 9.42 மணிக்குக் கிளிநொச்சி வைத்தியசாலையில் மகள் தனுஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறை 2.9 கிலோ. மருமகன் நிரஞ்சன் தொலைபேசியில் 9.45 என்று சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

குழந்தையின் காதுகளைப் பரிசோதித்தார்கள்; இரண்டும் நன்றாகக் கேட்கின்றன. கண்ணிலும் இதயத்திலும் குறையில்லை. நேற்று முன்தினம் குசினியில் என் மனைவி மூடியொன்றைத் தவறவிட்டா. குழந்தை திடுக்கிட்டு வீரிட்டு அழுதது. எல்லோரும் தாலாட்ட ஓடினார்கள். நான் மட்டும் கதிரையில் இருந்தபடி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை. தனுஷாவின் திருமணம் நிச்சயமாகியிருந்த சமயம். என் இரத்த அழுத்தமாத்திரைக்காக நானும் அவளும் உங்களிடம் வந்தோம். நீங்கள் என் கையில் பட்டியைக் கட்டியபடியே, அவள் றுபெல்லா ஊசி போட்டவளா என்று கேட்டீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்நோய் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பழுதாகலாம் என்றும், கருவுற்ற பின் அவ்வூசியைப் போட முடியாது என்றும் விளக்கினீர்கள். அவளுடைய கிளினிக் அட்டை இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஆனால் பொலித்தீன் பையில் சுற்றி, முள்ளிவாய்க்கால் வரை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோன என் 2008 ஆம் ஆண்டு நாட்குறிப்பு இருந்தது. வீட்டுக்குச் சென்று எடுத்துவந்து விரித்துக் காட்டினேன். "ஒக்டோபர் 14: பாடசாலையில் தனுஷாவுக்கு றுபெல்லா ஊசி." நீல மையில், என் கையெழுத்தில்.

நீங்கள் அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. முந்திய பக்கங்களைப் புரட்டினீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: "ஐயா, பன்னிரண்டாந் திகதி உழவு இயந்திரத்தில தர்மபுரம் வெளிக்கிட்டதெண்டு பென்சிலால எழுதியிருக்கிறீங்கள். அப்ப பதினாலாந் திகதி பள்ளிக்கூடத்தில ஊசி போட்டது ஆர்?"

இருபத்தெட்டு வருடம் திகதி முத்திரை குத்திய கை என்றேன். நாட்குறிப்பைப் பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டு, மாத்திரையையும் வாங்காமல் எழுந்து போனேன். வீட்டில் மனைவி சொன்னா: "உங்கட டயறிக்கு ஊசி போட்டாச்சு. பிள்ளைக்குத்தான் இன்னும் போடேல்லை." அவவோடு இரண்டு நாள் பேசவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸிலிருந்து என் தங்கையின் பேத்தி வந்து, நாள் முழுதும் தனுஷாவின் மடியில் கிடந்து விளையாடினாள். மறுநாள் அக்குழந்தைக்குக் காய்ச்சலும், முகத்தில் தொடங்கி உடலெங்கும் சிவந்த தடிப்பும். தனுஷாவுக்கு அப்போது இரண்டாம் மாதம். குழந்தையைப் பார்த்த உடனேயே நீங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்தீர்கள். குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். மாலையில் குடும்பநல உத்தியோகத்தருடன் எங்கள் ஒழுங்கையின் பதினேழு வீடுகளிலும் ஏறி இறங்கி, யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு ஊசி தவறியது என்று விசாரித்தீர்கள். எங்கள் வீடு பதினேழாவது.

அன்றும் நான் அந்த நாட்குறிப்பைக் கையில் வைத்திருந்தேன். ஆனால் விரிக்கத் துணிவில்லை. போட்ட ஊசி போட்டதுதானே என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் தனுஷாவைப் பார்த்தீர்கள். அவள் தலையசைத்தாள். அதன் பிறகே உங்கள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என்னிடம் தந்தீர்கள். 2024 பெப்ரவரி 15, வியாழக்கிழமை. நான் கோபித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், அவள் தனியாக வந்து ஊசி போட்டிருக்கிறாள்.

"அப்பா, பதினாலாந் திகதி தர்மபுரத்தில மரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டினம். நீங்கள் கட்டினீங்கள், நான் கயிறு பிடிச்சனான்" என்றாள். எனக்கு நினைவு வந்தது. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்ததுகூட நினைவு வந்தது.

பிரான்ஸ் குழந்தைக்கு றுபெல்லாதான் என்று பின்னர் உறுதியானது. தனுஷாவின் இரத்தத்தில் அந்நோய்க்கு எதிரான காப்பு இருப்பதும் உறுதியானது. நீங்கள் ஒரு சொல்லாலும் என்னைக் குத்திக்காட்டவில்லை. அழுத்தமாத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள்.

பிழை எங்கே நடந்ததென்று பிறகு கண்டுபிடித்தேன். தபாலகத்தில் மாலையில் பூட்டுமுன் மறுநாள் திகதியை முத்திரையில் பொருத்திவைப்பது என் வழக்கம். வீட்டிலும் அப்படியே. பாடசாலை அறிவித்தல் வந்த 8 ஆம் திகதியே 14 ஆம் திகதிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். நடக்கவிருப்பதை நடந்ததாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு கோடிட்டு, "நடைபெறவில்லை" என்று எழுதி ஒப்பமிட்டுள்ளேன். முன்கூட்டி எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

செப்டெம்பர் 18, வியாழக்கிழமை, குழந்தைக்கு முப்பத்தோராம் நாள். அன்று பெயர் வைப்பதாக இருக்கிறோம். தந்தையாரை விட்டு வருவது இலகுவல்ல என்பதை அறிவேன். ஆயினும் குழந்தையை முதலில் உங்கள் கையில் கொடுத்து, உங்கள் வாயால் அவள் காதில் பெயரைச் சொல்ல வேண்டுமென்று தனுஷா விரும்புகிறாள். அந்தக் காதில் முதலில் சொல்லும் உரிமை உங்களுடையதென்றே நானும் நினைக்கிறேன்.

நாட்குறிப்பில் 18 ஆம் திகதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் எழுதுவேன்.

தங்கள் கைக்கும் குடும்பத்துக்கும் எந்தக் குறையும் வராதிருக்க வேண்டும் என வேண்டும்,

க. அப்புத்துரை

பி.கு.: அன்று வாங்காமல் போன மாத்திரையை மறுவாரமே வாங்கிவிட்டேன். ஒழுங்காகப் போடுகிறேன்.