மஞ்சள் துணி கட்டிய சேவல்

டாலா,
வெள்ளிக்கிழமை

அன்பு மிகுந்த பிரேம்நாத் அண்ணாவுக்கு,

தங்கை பவானி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. மனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நீ பேசும்போதெல்லாம் அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் எல்லை தாண்டி நீ இருக்கும் மேசோட்டுக்கு வேலைக்கு வரும் ராணி அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. இருந்தாலும் உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

நம் கோழிக்கூட்டுக்குக் கெட்ட காலம். போன மாதம் கறுப்புப் பெட்டை செத்துக் கிடந்தது. தலை மட்டும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் புள்ளிப் பெட்டைக்கும் அதே கதி. தெருநாய்தான் என்றாள் அம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூட்டைச் சுற்றித் தூவி வைத்தேன். காலையில் அதில் தடம் இருந்தது. நாயின் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். இதில் ஐந்து. பள்ளி நூலகத்தில் பார்த்தேன், மரநாய். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நானும் அம்மாவும் எண்ணெய் டின்னை வெட்டி அதை அடைத்தோம். பழைய கம்பிவலையின் கண் பெரிது என்று பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பெரியம்மா டோ கின் ஏ சின்னக் கண் வலை கொடுத்தார். அதன் பிறகு எந்தக் கோழியும் சாகவில்லை.

ஆனால் சேவல் காணாமல் போய்விட்டது.

எந்தச் சேவல் என்று உனக்குத் தெரியாது. நீ மியாவாடி எல்லையைத் தாண்டி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று, நீ கிளம்பிய அன்றே அம்மா முனீஸ்வரனுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் துணி கட்டிவிட்ட செஞ்சேவல். பங்குனிப் பூசையில் கொடுக்க வேண்டியது. இறகு ஒன்றுகூட விழவில்லை, ரத்தம் இல்லை. கூட்டின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மரநாய் தாழ்ப்பாளைத் திறந்தாலும் திறக்கும், மூடிவிட்டா போகும்? சாம்பலில் செருப்புத் தடம் இருந்தது. இடது குதிகாலில் பிறை போல ஒரு துண்டு தேய்ந்துபோன செருப்பு.

அம்மா அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவள் எழவே இல்லை. “சேவலுக்கு வந்தவனா, பிரேமுக்கு வந்தவனா?” என்று மட்டும் கேட்டாள். பட்டாளத்துக்குப் பிடித்துப்போக, உன் வயதுப் பையன்கள் உள்ள வீடுகளுக்கு வட்டார ஆபீசிலிருந்து ஆள் வருவது இன்னும் நிற்கவில்லை. வந்தால் அம்மா, வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். போன தடவை வந்தவர் பூட்ஸ் போட்டிருந்தார். அதையும் கவனித்து வைத்திருக்கிறேன்.

பிறகு அம்மாவின் சந்தேகம் சைக்கிள் டிரைஷா ஓட்டும் ஆபித் அண்ணன் மேல் போனது. தினமும் அவளைப் படகுத்துறைக்கு ஏற்றிப் போகிறவர், நம் வாசலில் நிற்கும்போதெல்லாம், “என்னா தங்கச்சி, உங்க சேவலு கூவுறப்பல்லாம் எனக்குப் பிரியாணி வாசம் அடிக்குதே!” என்பார். அந்தக் கேலி இப்போது வினையாகிவிட்டது. அம்மா முகத்துக்கு நேராகவே, “சாமிக்கு விட்டத தின்னா செரிக்குமாடா?” என்று கேட்டுவிட்டாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் அவர் செருப்பைப் பார்த்தேன். டயர் வெட்டித் தைத்த செருப்பு, சாம்பலில் பதிந்த தடம் இதுவே இல்லை. அம்மா கேட்கவில்லை. அக்கரை லான்மடாவ் மசாலாக் கடை வேலைக்கு இப்போது படகுத்துறை வரை நடந்தே போகிறாள். தெருக்காரர்களும் அவரிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள்.

நான் எல்லோருடைய காலையும் பார்க்க ஆரம்பித்தேன். கீரைக்காரி, தண்ணீர் கொண்டுவருகிறவன், கோயில் பூசாரி. எல்லோரும் திருடனாகத் தெரிந்தார்கள். நம் டோ கின் ஏ மட்டும் கணக்கில் வரவில்லை. அவர்தான் வலை கொடுத்தவராயிற்றே! சேவல் போனதிலிருந்து மொஹிங்கா நூடுல்ஸும் பழமுமாக எதையாவது கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தார். அம்மா அழுதால் அவர் தரையைப் பார்ப்பார். ஏன் இத்தனை உபசாரம் என்று ஒரு நாள் தோன்றியது. அவர் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் விட்டிருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகாலில் பிறை.

அம்மா இல்லாத நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. “நான்தான் எடுத்தேன். உசுரோட இருக்கு. பிக்குங்க மடத்துல விட்டுட்டேன்” என்றார். போன வருடம் நம் வீட்டுப் பூசைக் கோழிக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்களே என்று கேட்டேன். கோபத்தில்தான். அவர் சிரித்துவிட்டார். “கறி வேற மகளே. ஊரு விட்டுப் போன புள்ள பேரச் சொல்லி ஒரு உசுர அறுக்கலாமா? உசுர விட்டா ஆயுசு கூடும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. உங்கம்மாகிட்ட கேட்டா தருவாளா? அதான் கேக்கல” என்றார்.

மடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே இப்படிக் கொண்டுவந்து விட்ட கோழிகள் நிறைய. நம் சேவல் துணியோடு கிணற்றடியில் மேய்ந்துகொண்டிருந்தது, கொழுத்திருந்தது. பிடித்து வந்துவிடலாம் என்று கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டேன், அண்ணா. அவர்கள் வழக்கப்படி புண்ணியத் தண்ணீர் ஊற்றி அதை விட்டபோது உன் பெயரைச் சொன்னீர்களா என்று வழியில் அவரிடம் கேட்டிருந்தேன். சொன்னேன் என்றார். “உங்கண்ணன் பேரும் சொன்னேன், என் புள்ள தூரா பேரும் சொன்னேன். ரெண்டு பேருக்கு ஒரு சேவல் போதுமோ என்னவோ” என்றார்.

இதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சேவலைப் பிடித்து வந்து பூசையில் கொடுத்துவிடுவாள், டோ கின் ஏவோடும் பேச மாட்டாள். சொல்லாவிட்டால், சாமி சேவலை ஏற்கவில்லை, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று சோறு இறங்காமல் கிடக்கிறாள். ஆபித் அண்ணனும் செய்யாத திருட்டைச் சுமக்கிறார். உன் தலைக்கு நேர்ந்த சேவல் அது. அதை உயிரோடு விடச் சொல்ல உனக்குத்தான் உரிமை. அடுத்த முறை போன் செய்யும்போது, நடந்ததை நீயே அம்மாவிடம் சொல். அந்தச் சேவல் இருக்கட்டும், திரும்பி வந்து சாமிக்கு நானே பொங்கல் வைக்கிறேன் என்று சொல். நீ சொன்னால் அவள் கேட்பாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீயும் கோ தூராவும் ஒன்றாகத்தான் கிளம்பினீர்கள். நீ போனில் பேசும் ஒவ்வொரு தடவையும் டோ கின் ஏ நம் வேலியோரம் வந்து நிற்கிறார். அவனைப் பற்றி நான் கேட்டதும் அங்கே மழையா, வெயிலா என்று நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய். முதல் தடவை நான் கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன். நீ பொய் சொல்கிறாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மடத்திலிருந்து திரும்பும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “உங்கண்ணனுக்கு எழுதினா, என் புள்ள சாப்பிடுறானான்னு மட்டும் கேளு.” கேட்டுவிட்டேன்.

அண்ணா, நீ சுகமாக இரு. உனக்காக முனீஸ்வரனையும் கும்பிடுகிறேன், புத்தரையும் கும்பிடுகிறேன். கோ தூரா என்ன ஆனான் என்று எனக்கு மட்டுமாவது எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொள்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் தங்கை,
பவானி