கோபப்படாத வாத்து

பெரியவன் அம்மாவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் எங்கள் ஆபீசில் படம் வரைகிற பெண். சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எழுத்துப் படிக்கிற பாடம் செய்கிற ஆபீஸ் இது.

போன வாரம் ஒரு கூத்து. பாடத்துக்குக் குரல் பதிவு பண்ணுகிற அறைக்குள் "டீ!" என்று தட்டோடு நுழைந்துவிட்டேன்.

"உள்ளே வராதீங்கன்னு கதவுல ஒட்டியிருந்ததைப் படிக்கலையா பெரியவரே?" என்றார் மேனேஜர்.

இத்தனை நாள் மறைத்தது போதும் என்று, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவரோ என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். "இங்க எல்லாருக்கும் படிக்கத் தெரியும், அதான் தொல்லை. பிள்ளைங்க எங்க திணறுவாங்கன்னு நீங்கதான் காட்டணும்."

அந்தப் பாடத்தை என்னவென்று சொல்ல! ஒரு வாத்து எழுத்தைக் காட்டுகிறது. தப்பாகத் தொட்டால் தலையை ஆட்டி, "இன்னொரு தடவை பாரு கண்ணு" என்கிறது. ஒன்பது முறை தப்புப் பண்ணினேன், ஒன்பது முறையும் அதே அன்பு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாளே பிரம்படிக்குப் பயந்து ஓடினவன் நான். வாத்தியார் சட்டைப்பையில் இருந்த மைக்கறைகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த வாத்திடம் விட்டிருந்தால் ஓடியிருக்க மாட்டேன்.

இப்போது தினமும் ஒரு மணி நேரம் இதுதான் வேலை. நான் முழிக்கிற இடத்தில் எல்லாம், என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பதை எடுத்துவிட்டுப் படம் போடுகிறார்கள்.

மருமகளிடம் சொல்லி இரண்டு பனியன் அனுப்பு. அப்படியே நீ என்னைத் திட்டுவதைப் போனில் பதிவு பண்ணி அனுப்பச் சொல். இங்கே வாத்து முதல் மேனேஜர் வரை எல்லாரும் தன்மையாகவே பேசுகிறார்கள். எத்தனை நாள்தான் தாங்குவது?

இந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்