திரையில் வராத வரி

என் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அதுபோலவே இருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் நானே எழுதும் முதல் கடிதம் இது, நான்கு நாளாக எழுதுகிறேன். முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, டைல்ஸ் ஒட்டின கை என்று தெரிகிறது, வரிசை தப்பவில்லை என்றார். எழுபத்திரண்டு வயதில் பாராட்டு வாங்குவதும் நன்றாகத்தான் இருக்கிறது. தெருவில் ஒரு போர்டு விடாமல் படித்துக்கொண்டே நடந்து இரண்டு முறை பேருந்தைத் தவறவிட்டேன்.

அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. உன் அண்ணன் நம்மை விட்டுப் போய், வரும் பதினைந்தாம் தேதியோடு ஒரு வருடம். அவன் வாத்தியாராக இருந்த கல்லூரியில் கூட்டம் வைத்து, அவன் கடைசியாக நடத்திய கணக்குப் பாடத்தைத் திரையில் காட்டப் போகிறார்கள். அதை எடுத்துப்போக அவனோடு வேலை பார்த்த சிநேகிதர் வருகிறார் என்று, காலையிலேயே அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துத் திறந்து வைத்தேன். 'புதுப்பிக்கவா?' என்று கேட்டது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். பிள்ளையின் பொருள் புதிதாக இருக்கட்டும் என்று 'ஆம்' என்பதை அழுத்தினேன், அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

சிநேகிதர் வந்து திறந்தால், ரசமட்டம் வைத்துச் சமம் பார்க்காமல் போட்ட தரை மாதிரிக் கிடந்தது பாடம். தடித்து வர வேண்டிய எழுத்து மெலிந்து, சிவப்பு கறுப்பாகி, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லும் கட்டளைகளே கணக்குக்கு நடுவில் வந்து நின்றன. அண்ணன் எழுதியது பழைய கட்டளைகளாம், புதிய மென்பொருளுக்கு அவை புரியவில்லையாம். எழுத்து தெரியாதவரைக்கும் வீடு பத்திரமாக இருந்தது என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

சிநேகிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாலை வந்து, திரைக்குப் பின்னால் அண்ணன் எழுதி வைத்த மூல வரிகளைத் திறந்து, ஒவ்வொரு கட்டளையாக மாற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ் வந்த இடத்தில் மட்டும் படித்தேன். கடைசி நாள் ஒரு வரி, முன்னால் சதவீதக் குறியோடு நின்றது. அப்படிக் குறி போட்டால் அந்த வரி திரையில் வராது, எழுதுகிறவருக்கு மட்டும்தான் என்றார். நான் படித்தேன். "இங்கே இருமல் வரும். தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொள். அப்பா முதல் வரிசையில் இருக்கிறார்."

அவன் அந்தப் பாடத்தை நடத்திய அன்று முதல் வரிசையில்தான் இருந்தேன் குட்டி. அவன் திரும்பி நின்றபோது, என் பையன் எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில், இருமல் போன வாரம்தான் ஆரம்பித்தது என்று அவன் சொன்னதையும் நம்பினேன்.

அந்த வரியை விட்டு நான் கண்ணெடுப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, என்ன ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள்.

"கணக்குதான் எழுதியிருக்கான்," என்றேன். சிநேகிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாடம் சரியாகிவிட்டது, கூட்டம் நடக்கும். குழந்தைகளை வெயிலில் விளையாட விடாதே. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் எங்களிடம் மறைக்காதே. நோய் அண்டாமல், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ வாழ வேண்டும். போனில் பேசும்போது அந்த வரியைப் பற்றி அம்மாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே.

தன் கையாலேயே எழுதிய,
அப்பா