திரைக்கு முதுகு காட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நானும் நலம். அந்தச் சொல்லுக்கு ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, கீழே வரும், பதறாமல் படி. மாடிக் குழாய் ஒழுகல் ஒரு வழியாக நின்றது, சமையலறைச் சுவரில் பாசி படிந்த இடத்துக்கு மட்டும் வெள்ளையடிக்க வேண்டும். உன் சித்தி புதுப் பல் கட்டிக்கொண்டாள். அன்று முதல் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள், ஏதோ முணுமுணுக்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. என்மேல் மனத்தாங்கல் போலிருக்கிறது என்று நானும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவைப் பார்த்தேன். டயாலிசிஸ் மையத்தின் வாசல் வரை பேருந்து போக வேண்டும் என்று இரண்டாம் முறையாகப் போக்குவரத்துக் குழுவின் முன்னால் பேசப்போகிறாய், இந்த முறையும் தள்ளிவிட்டால் அந்த நோயாளிகள் மேம்பாலத்தைச் சுற்றி நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதனால் முகதாட்சண்யத்துக்காக எதுவும் சொல்லப்போவதில்லை. உடுத்தியது நன்று, நின்ற விதம் நன்று, குரல்தான் நடுநடுவே தொலைந்து போனது. கணினி பழுது என்று நினைத்துக் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா, எங்க வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுதே என்றார். அப்படியானால் உங்கள் காதைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் தம்பி என்று சொல்லி அனுப்பினேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். நீ என் பக்கம் பார்த்துப் பேசியது ஒரு சொல் விடாமல் புரிந்தது. திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அதில் இருப்பதை வாசித்த இடமெல்லாம் வெறும் இரைச்சல். திருப்பித் திருப்பிப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. கொஞ்ச காலமாகவே நான் காதால் கேட்கவில்லை, வாயைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். சித்தி முணுமுணுக்கவில்லை, கையை வைத்து மறைத்தாள், அவ்வளவுதான். போனை ஏன் எடுப்பதில்லை என்று நீ சண்டை போட்டபோது, போனில் பேசுவது அவசரக்காரர்களின் வழக்கம், கடிதம்தான் மரியாதை என்று பாடம் நடத்தினேனே, அதற்குக் காரணமும் இதுதான், எனக்கே தெரியாமல். நலம் என்ற சொல்லுக்குத் திருத்தம் இது. உட்கார்ந்து அழாதே. காது டாக்டரிடம் போகப்போகிறேன், சித்தி துணைக்கு வருகிறாள், வழியில் வாயைப் பொத்தாமல் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இனி உன் காரியம். போன முறை அந்தக் குழுத் தலைவர் உன்னை அவமதித்தார் என்று கொதித்தாய். நீ அப்போதுதான் விளக்கி முடித்த செலவுக் கணக்கை மறுபடி கேட்டார், சம்பந்தமில்லாத இடத்தில் தலையாட்டினார், பார்க்கலாம் என்று கோப்பை மூடினார். அவருக்குக் கிட்டத்தட்ட என் வயது இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். மகளே, அவரை எனக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. வங்கியிலும் கடையிலும் நானும் இதையேதான் செய்து வந்திருக்கிறேன். கேட்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. புரிந்த மாதிரி தலையாட்டுவோம், அதற்கு மேலும் போனால் சிடுசிடுப்போம், கடைசியில் எதிரே நிற்கிறவருக்குத்தான் பேசத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அவருக்குக் காது மந்தம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வெறும் திமிராகவும் இருக்கலாம். ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி நீ பேசினால் மற்றவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒத்திகையில் ஒரு குத்தல் வைத்திருக்கிறாயே, இதைப் போன முறையே தெளிவாகச் சொன்னேன் என்று, அதை எடுத்துவிடு. அந்த ஒரு வரியைத்தான் நேருக்கு நேர் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாய். வேறெது கேட்காவிட்டாலும் அது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

உன் ஸ்லைடுகளில் எழுத்து மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டில் இருப்பது போலப் பொடியாக இருக்கிறது. அதை நீயே வாசிக்கவும் செய்தால், படிப்பதா கேட்பதா என்று தெரியாமல் மனிதர் இரண்டையும் விட்டுவிடுவார். வரைபடத்தில் ஊரிலுள்ள எல்லாத் தடங்களையும் போட்டிருக்கிறாய், நூல்கண்டு அவிழ்ந்து கிடக்கிற மாதிரி, அதன்மேல் உன் சிவப்பு ஒளிப்புள்ளி வேறு ஈ போலப் பறக்கிறது. உன்னுடைய ஒரு தடம் போதும், மற்றதை அழி. ஓரத்தில் தபால்தலை அளவில் ஒரு புகைப்படம் வைத்திருந்தாய், சிகிச்சை முடிந்து வந்த அம்மாள் ஒருத்தி கையில் கட்டோடு மேம்பாலத்தின் அடியில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். அதை ஏன் ஒளித்து வைத்தாய்? திரை நிறையப் போடு, முதலிலேயே போடு. போட்டுவிட்டுச் சும்மா இரு, அவர்கள் பார்த்து முடிக்கட்டும். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, இந்த அம்மாள் பேருந்து ஏற இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று சொல். கணக்கெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். கூட்டத்துக்கு முன்கூட்டியே போய்த் தலைவரின் நாற்காலி எது என்று பார், வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற இடத்தில் நின்றுகொள், ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் உன் முகமே இருட்டு. அவர் கேட்டதையே கேட்டால் முதல் முறை சொல்கிற முகத்தோடு சொல், நிதானமாகச் சொல், கத்தாதே, கத்தினால் வாய் கோணுகிறது. எங்கள் கான்வென்டில் பேச்சுப் பயிற்சி தந்த சிஸ்டர் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார், வாக்கியத்தின் வால் காதில் விழாவிட்டால் கையைத் தூக்குவார், நாங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவரைக் கரித்துக் கொட்டியிருக்கிறோம். உன் வீடியோவுக்கு நான் பல தடவை கை தூக்கினேன், கடைசிச் சொல்லை விழுங்காதே.

உன் நாவுக்குத் தெளிவும் மனதுக்குப் பொறுமையும் கடவுள் தரட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும். வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

ஒன்று மட்டும் மறக்காதே. வீடியோவின் முடிவில் திரையை அணைக்கத் திரும்பினாய், அப்போது ஏதோ சொன்னாய். எத்தனை முறை பார்த்தும் உன் பின்னல்தான் தெரிகிறது. மறுநாள் மருந்துக்கடைக்காரரைப் படியில் பார்த்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், காதைப் பற்றிச் சொன்னதற்கு. அவர், அதை விடுங்கம்மா, கடைசியில பொண்ணு உங்களைப் பத்திதான் ஒண்ணு சொல்லிச்சு, சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். என் மகள் எனக்குச் சொன்னதை வேறொருவர் வாயால் வாங்கிக்கொள்வேனா? கூட்டம் முடிந்ததும் வீடியோவில் முகம் தெரியக் கூப்பிடு. விளக்குக்கு நேரே உட்கார்ந்து, அதை நீயே சொல்.

உன் வாயைப் பார்த்திருக்கும்,
அம்மா