குழாயின் உட்புறம் கழுவப்படாதது குறித்து

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்
(நோயாளியின் கணவர்),
பெண்கள் பிரிவு, கடைசிக் கட்டில்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: எண்டோஸ்கோப் கருவியை ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் உட்புறம் தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கி, உலர்த்தக் கோருதல் – இரண்டாம் முறை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "சமீபத்துல இவங்களுக்கு வாய் வழியா குழாய் விட்டாங்களா?" காய்ச்சலில் நடுங்கிய என் மனைவியை இங்கே சேர்த்த அன்று, பணியில் இருந்த மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஆம் என்றேன். பித்தக் குழாயை அடைத்திருந்த கல்லை இதே மருத்துவமனையில்தான் எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள். பித்தம் வடிய உள்ளே ஒரு சிறு குழலும் வைத்தார்கள். மருத்துவர் உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரத்தத்தில் கிருமி இருந்தது. அதே வாரம் அதே கருவி விடப்பட்ட பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் அதே கிருமி. அவர் இப்போது இல்லை.

2. வைத்த குழலை எடுக்க, வரும் வியாழக்கிழமை என் மனைவிக்கு மீண்டும் அதே கருவியை விடவேண்டும். எடுக்காவிட்டால் குழலே அடைத்துக்கொள்ளும். அருகில் வேறெங்கும் இக்கருவி இல்லை. வெளியூர் கொண்டுபோகும் நிலையில் அவளும் இல்லை.

3. கழுவும் அறையின் கதவு சரியாக மூடாது. ஆகவே வராந்தாவில் காத்திருப்பவர் கண்ணில் எல்லாம் படும். கருவியின் மேற்புறத்தைத் துணியால் துடைத்து, மருந்துத் தொட்டியில் முக்கியெடுத்து, அடுத்தவருக்குக் கொண்டுபோகிறார்கள். உள்துளையில் விட்டுத் தேய்க்கவேண்டிய நீண்ட பிரஷ் ஆணியில் காய்ந்து தொங்குகிறது. மாலையில் கருவியை ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். அழுக்கு ஒட்டிய இடத்தில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது, ஐயா. சோறு காய்ந்த பாத்திரத்தைத் தேய்க்காமல் வெந்நீரில் முக்கிவிட்டு, கழுவியாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. பால்புட்டியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பவரும் இல்லை.

4. கழுவும் ஊழியரைத் தண்டிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் நானே விசாரித்தேன். "பிரஷ்ஷை எடுக்கிறதுக்குள்ள அடுத்த ஆளைப் படுக்க வெச்சுடறாங்க சார். இருக்கிறதே ஒரு கருவி. நான் எதைக் கழுவ, எதைக் கொடுக்க?" என்றார். ஒரு குழாயைக் கழுவ இவ்வளவு நேரமா என்று வரிசையில் இருந்தவர்களும் அவரைத்தான் ஏசினார்கள்.

5. இதையெல்லாம் முன்பே தங்களுக்கு எழுதினேன். தங்கள் அலுவலகம் அம்மனுவை இந்த மருத்துவமனைக்கே அனுப்பி விளக்கம் கேட்டது. கருவி பார்வையிடப்பட்டது, பளபளப்பாக உள்ளது என்று மருத்துவமனை பதில் எழுதியது. புகார் முடித்துவைக்கப்பட்டது. இம்மனுவும் அதே வழியில் போய்த் திரும்பும் என்று தெரிந்தே எழுதுகிறேன். என் மனைவிக்கும் அது தெரியும். "ஏங்க, இது என்ன விடைத்தாளா, திரும்பத் திரும்பத் திருத்த? கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்கிறாள். உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

6. இன்னொரு கருவி வாங்க நாளாகும் என்பதை அறிவேன். வியாழக்கிழமையன்று முதல் நோயாளிக்கு விடும் முன்பாவது அந்த பிரஷ்ஷை ஆணியிலிருந்து இறக்கி, உள்ளே விட்டுத் தேய்க்கவும், துளை நிரம்ப மருந்தில் ஊறவைக்கவும், நல்ல நீரில் அலசிக் காற்றுச் செலுத்தி உலர்த்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு ஆகும் நேரத்தை அந்த ஊழியருக்குக் கொடுங்கள். வரிசையில் காத்திருப்போரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

7. உத்தரவு வராது என்றால், இது ஒன்றையாவது செய்து பாருங்கள். இத்துடன் இணைத்துள்ள உறிஞ்சுகுழலால் இன்று பால் குடியுங்கள். வெளிப்புறத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, தங்கள் மேசை இழுப்பறையில் வைத்து மூடுங்கள். வியாழன் காலை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

இடம்: பெண்கள் பிரிவு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கடைசிக் கட்டில் நோயாளியின் கணவர்

இணைப்பு: உறிஞ்சுகுழல் – 1