கால் நகத்தில் குரோமியம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கம்பெனிக்கு லீவு. ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி பெங்களூர் ஆஸ்பத்திரி. மனைவி சரளாவும் கூட. என் இருமலைக் கேட்டுக் கேட்டு என்னைவிட அவளுக்குத்தான் பயம்.

ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி. ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கேன்சரா என்று சரளா கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

குரோம் முலாம் தொட்டியில் வேலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பில் சேர்ந்த குரோமியம், நிக்கலை முடியை வைத்து அளக்கிறார்களாம். கேன்சர் வந்தவர், வராதவர் என்று ஒப்பிடும் ஆராய்ச்சி. "இதை மட்டும் வச்சு நோயைச் சொல்ல முடியாது. யாரை முன்னாடியே கவனிக்கணும்னு ஒரு அடையாளம்." திங்கள்கிழமை ஊசி. முடியும் அன்றே.

மறக்காமல்: கேஸ் புக்கிங். சின்னவளுக்கு ஷூ.

17, ஞாயிறு

தூக்கமே இல்லை. விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கோயில் போய் மொட்டை. குணமானால் தருகிறேன் என்று சாமியிடம் பேரம் பேச மனமில்லை. முன்பே கொடுத்தாயிற்று. தலையில் சந்தனம் குளுகுளு. மனசும்தான்.

வாசலில் சரளா. "ஏங்க, நாளைக்கு முடி வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே!"

அப்போதுதான் உறைத்தது.

"மூளைதான் இல்லைன்னு நெனச்சேன். இப்ப முடியும் இல்ல."

சொல்லிவிட்டு அழுகை. பிறகு சிரிப்பு. நானும் சிரித்தேன்.

18, திங்கள்

டாக்டரம்மா என் தலையைப் பார்த்தார். நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ சொல்ல, இருவருக்கும் சிரிப்பு. "பரவாயில்ல, கால் நகம் குடுங்க. முடியில வெளித் தூசி ஒட்டும். நீங்க ரப்பர் கம்பூட் போடற ஆளு, நகம் இன்னும் சுத்தம்."

வெட்டிக் கொடுத்தேன். ஊசி நல்ல வலி. ரிசல்ட் வரும்வரை பயம்தான், மறைப்பானேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

வெயில். மறுபடி ஆஸ்பத்திரி.

நகத்தில் குரோமியம் அதிகம். இனி தொட்டிப் பக்கமே போகக் கூடாதாம். பேக்கிங்குக்கு மாறிவிட வேண்டும். வருஷா வருஷம் செக்கப்.

"அப்ப அந்தப் புள்ளி?" சரளா.

"அது கேன்சர் இல்லம்மா. டிபி. விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

டிபி என்றதற்குக் கும்பிடு போட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். சரளா வராந்தாவுக்கு ஓடி அவள் அண்ணனுக்குப் போன்.

"அண்ணா, டிபிதான்ணா! டிபியேதான்! வர்றப்ப ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள்.